யார் முதலில் போன் போட்டது?

2025 மே 10, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஜெயித்தது டி.வி-தான். நாலு நாளாக அந்தப் பெட்டிக்குள் சைரன் ஓயவில்லை. அதில் ஒரு ராத்திரி சில வடநாட்டு சேனல்கள் கராச்சித் துறைமுகத்தையே அழித்துவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போனார்கள். விடிந்து பார்த்தால் துறைமுகம் அங்கேயே இருந்தது.

ஆறு மணி வாக்கில் சத்தம் மாறியது. சண்டை நிறுத்தமாம். பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35-க்கு நம்முடைய இயக்குநருக்குப் போன் செய்தார். ஐந்து மணியிலிருந்து தரை, வானம், கடல் எல்லாவற்றிலும் நிறுத்தம். வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி சுருக்கமாகப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தறிக் குழியிலிருந்தே சித்தப்பாவின் குரல் வந்தது.

“யார்றா மொதல்ல போன் போட்டது?”

“அவங்கதானாம் சித்தப்பா.”

“அவங்க ஊர்ல இன்னா சொல்றானாம்?”

செல்லைத் தட்டிப் பார்த்துச் சொன்னேன். “அவங்க அமெரிக்காவுக்கு நன்றி சொல்றாங்க. டிரம்ப், ராத்திரி பூரா நாங்க நடுவுல நின்னு பேசித்தான் முடிஞ்சுதுங்கறார். நம்ம ஆளுங்க, நடுவுல யாருமே இல்ல, நாங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டோம்ங்கறாங்க.”

“அப்ப ஆளுக்கு ஒண்ணு சொல்றான்.”

“ஆமா.”

“அப்ப நிக்கும்” என்றார். நாடா மறுபடி ஓட ஆரம்பித்தது.

எனக்குப் புரியவில்லை. அன்று ராத்திரியே ஸ்ரீநகர் பக்கம் வெடிச் சத்தம் கேட்டதாகச் செய்தி வந்தபோது, ‘கிழவர் கணக்கு தப்பிவிட்டது’ என்றுதான் நினைத்தேன். ஆனால், நின்றது. எழுபத்தெட்டு வயது நெசவாளிக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான், அவர் ஆரணிச் சம்பந்தியோடு ஐந்து மாதம் பேசாமல் இருந்த கதை ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கல்பாக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து கல்பாக்கம் அறுபது, எழுபது கிலோமீட்டர். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான். சித்தப்பாவின் பேரன் அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிறான். மே 7-ம் தேதி நாடு முழுக்கப் போர் ஒத்திகை நடத்தினார்களே, தமிழ்நாட்டில் அது நடந்த இடங்கள் சென்னையும் கல்பாக்கமும். பையன் ரொம்ப உற்சாகமாகப் போன் செய்து, “தாத்தா, சைரன் ஊதினாங்க, எல்லாரும் ஓடினோம்” என்றான். சித்தப்பா பதில் சொல்லவில்லை. போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க தறியில் உட்காரவில்லை.

அணு உலை என்றால் எதிரி முதலில் குறிவைப்பது அங்கேதானே என்று சித்திக்குப் பயம். அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னேன். நம்ப மாட்டேன் என்றுவிட்டார். நீங்களாவது நம்புங்கள்.

1988 டிசம்பர் 31-ம் தேதி, ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத்தில் பெனசிர் புட்டோவைச் சந்தித்தபோது ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. உன் அணு நிலையங்களை நான் தாக்க மாட்டேன், என்னுடையதை நீ தாக்காதே. 1991 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் இரண்டு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை அட்சரேகை, தீர்க்கரேகையோடு எழுதி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ள வேண்டும். எதிரியிடம் போய், ‘ஐயா, என் வீட்டு பீரோ இந்த மூலையில் இருக்கிறது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி! பட்டியலில் என்ன இருக்கிறது என்று வெளியில் சொல்வதில்லை. ஆனால், அணுமின் உலைகளும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம். அப்படியென்றால் கல்பாக்கம் இல்லாமலா இருக்கும்?

1992-ல் முதல் பட்டியல். 2025 ஜனவரி 1 அன்று 34-வது தடவை. நடுவில் ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை. கார்கில் நடந்த வருஷமும் சரி, மும்பைத் தாக்குதலுக்கு அடுத்து வந்த ஜனவரியும் சரி. எனக்கு மிகவும் பிடித்தது 2002 ஜனவரி 1. பாராளுமன்றத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எல்லையில் லட்சக்கணக்கில் படை குவிந்துகொண்டிருக்கிறது. டெல்லி-லாகூர் பஸ் அன்றிலிருந்து நிறுத்தம். சம்ஜோதா எக்ஸ்பிரஸ் நிறுத்தம். அவர்கள் விமானம் நம் வானத்தில் பறக்கத் தடை. எல்லாக் கதவையும் சாத்திய அதே நாளில், பட்டியல் மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தது.

இது கோர்வைத் தறி மாதிரி. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், அதை ஒருத்தரால் நெய்ய முடியாது. மூன்று நாடா ஓடும். நடுவில் ஒருவர் உட்கார, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவைத் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பக்கத்தில் உட்காருவது சித்தி. இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் நாடா மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். மாறாவிட்டால் கரை பிரிந்துவிடும், கூலி போய்விடும். அந்த டக் டக் சத்தம் கேட்கும் வரை, வீட்டில் பெரிசாக ஒன்றும் ஆகிவிடாது என்று பிள்ளைகள் எங்களுக்குத் தெரியும். (இரு ராணுவத்துக்கும் நடுவே செவ்வாய்க்கிழமைகளில் ஹாட்லைனில் பேசுகிற பழக்கமும் பல வருஷமாக இருந்தது. மே 10-ம் தேதி மணி அடித்ததும் இந்த ராணுவ ஹாட்லைனில்தான்.)

இப்போது ஆரணிக் கதை. சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, பட்டாளத்தில் இருந்தான். 2001 ஐப்பசியில் ஆரணியில் பெண் பார்த்து நிச்சயம் செய்தார்கள். தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவையைத் தானே நெய்வது என்று சித்தப்பா சொந்தக் காசில் பட்டும் ஜரிகையும் வாங்கித் தறியில் ஏற்றினார். அரக்கு உடல், பச்சைக் கரை. டிசம்பர் 13-ம் தேதி டெல்லியில் பாராளுமன்றத்தைத் தாக்கினார்கள். அடுத்த வாரமே தம்பியின் லீவு ரத்து. ராஜஸ்தான் எல்லைக்குப் போகிறோம் என்று ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூன்று நிமிஷம் பேசினான்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். சித்தப்பா நேரில் ஆரணி போய்ச் சொல்லியிருக்கலாம். மகனை நினைத்துக் கலங்கிக் கிடந்ததில், ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். அங்கே பெண்ணின் அப்பாவுக்குச் சுருக்கென்றது. “தேதியை மாத்தணும்னா மொறையா வந்து சொல்ல மாட்டாரா? பட்டாளத்தானுக்குப் பொண்ணைக் குடுத்தே ஆகணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?” என்று யாரிடமோ சொன்னார். அந்த யாரோ அதைக் காஞ்சிபுரத்துக்குப் பஸ் சார்ஜ் போட்டு வந்து சொன்னார். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, இப்போது டி.வி. சேனல் வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். இவர் போன் போடவில்லை. அவரும் போடவில்லை. ‘அவன் மொதல்ல பேசட்டும்.’ தை போய், மாசி போய், சித்திரையும் வந்துவிட்டது. பாதி நெய்த புடவை மேல் சித்தப்பா ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டார். அறுக்கவும் மாட்டார், முடிக்கவும் மாட்டார். ஒரு தறி சும்மா கிடந்தால் நெசவாளி வீட்டில் என்ன ஆகும் என்பதைச் சித்தி தினமும் எடுத்துச் சொல்வார்.

மே 14-ம் தேதி ஜம்மு பக்கத்தில் கலுசக் என்ற இடத்தில், ராணுவக் குடியிருப்பில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் சுட்டார்கள். அதற்கப்புறம் போர் வந்தே தீரும் என்றுதான் எல்லோரும் பேசினோம். வெளிநாட்டுத் தூதரகங்கள், ‘இந்தியாவை விட்டுக் கிளம்புங்கள்’ என்று தங்கள் மக்களுக்குச் சொல்லின. 1998-ல் இரண்டு பேருமே குண்டு வெடித்துக் காட்டிவிட்டவர்கள். பேப்பரில் டெல்லி மீது விழுந்தால் எத்தனை பேர், கராச்சி மீது விழுந்தால் எத்தனை பேர் என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். சித்தப்பா அந்தப் பேப்பரை மடித்து நூல் கண்டுக்கு அடியில் வைத்துவிட்டார்.

இந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிற இரண்டு பேர் எப்படித்தான் இறங்குகிறார்கள்? அப்புறம் வந்த வருஷங்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். இறங்குவது மாதிரித் தெரியாமல் இறங்க ஒரு சாக்கு.

1987-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கத்து ஊர் செங்கல்பட்டில் பிறந்தவர் ஜெனரல் சுந்தர்ஜி. தளபதியாக இருந்தபோது ராஜஸ்தானில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்று பிரமாண்டமான போர்ப் பயிற்சி நடத்தினார். பயிற்சியா, படையெடுப்பா என்று அந்தப் பக்கம் சந்தேகம். அவர்களும் படையை நகர்த்தினார்கள். நாமும் நகர்த்தினோம். ஜனவரியில் நிலைமை கழுத்து வரை வந்துவிட்டது. பாகிஸ்தானிடம் குண்டு இருக்கிறது என்று ஏ.க்யூ.கான், பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் சொன்னதும் அந்த ஜனவரிக் கடைசியில்தான்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? சேப்பாக்கத்தில். பாகிஸ்தான் டீம் நம் ஊருக்கு டெஸ்ட் ஆட வந்திருந்தது! காஞ்சிபுரத்திலிருந்து புளியோதரைப் பொட்டலத்தோடு பஸ் ஏறிப் போயிருந்தோம். இம்ரான் கான் அவுட்டாகாமல் 135. நம்ம ஸ்ரீகாந்த் 123. ஆளுக்கு நானூற்றுச் சொச்சமும் ஐந்நூற்றுச் சொச்சமும் அடித்துக் குவித்து மேட்ச் டிரா. பக்கத்தில் இருந்தவர், “எல்லைல இவனுங்க பீரங்கி நிறுத்தியிருக்கான், இங்க நாம கை தட்டறோம்” என்றார். தட்டிக்கொண்டேதான் சொன்னார். மேட்சின் இரண்டாம் நாள், பிப்ரவரி 4-ம் தேதி, டெல்லியில் படைகளைப் பகுதி பகுதியாகத் திருப்பிக்கொள்வது என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மாசமே ஜெனரல் ஜியா, ‘நான் கிரிக்கெட் பார்க்க வந்தேன்’ என்று ஜெய்ப்பூர் டெஸ்ட்டுக்கு வந்து நின்றார். ராஜீவைப் பார்த்துப் பேசினார். அந்த மேட்ச்சும் டிரா. அவர் கிரிக்கெட் பார்க்கத்தான் வந்தார் என்று யாரும் நம்பவில்லை. ஆனால், இல்லை என்று யாரும் சொல்லவும் முடியவில்லை. நல்ல சாக்குக்கு அதுதான் லட்சணம்.

பெரிய அண்ணன்கள் கதையும் இதேதான். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகமே பதின்மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் மாஸ்கோவுக்குத் தந்தி அடிக்க வேண்டுமென்றால், தந்தி ஆபீஸிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போக வேண்டும். அவன் வழியில் எங்காவது நின்றுவிட்டால் என்று அவருக்கு ஒரே கவலை. (அடுத்த வருஷம் ஹாட்லைன் போட்டார்கள். சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் இல்லை, டெலிபிரின்டர்.) குருஷ்சேவ் அந்த நாட்களில் கென்னடிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், கயிற்றின் இரண்டு முனையையும் இருவரும் இழுத்தால் நடுவில் முடிச்சு இறுகும், கடைசியில் வெட்டத்தான் வேண்டிவரும் என்கிற மாதிரி எழுதினார். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “இதைப் படிக்க ரஷ்யாவுக்குப் போவணுமா? பாவுல சிக்கு வுழுந்தா இழுக்கக் கூடாது, தளர்த்திக் குடுக்கணும்னு பத்து வயசுப் பையனுக்குத் தெரியும்” என்றார். கடைசியில் ரஷ்யா கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுத்துக்கொண்டது. துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்காவும் ஒப்புக்கொண்டது, ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஊருக்குக் கென்னடி ஜெயித்த மாதிரி. கியூபா மேல் படையெடுக்க மாட்டோம் என்று வாக்கு வாங்கியதால் குருஷ்சேவும் ஜெயித்த மாதிரி. ஆளுக்கு ஒன்று சொல்ல முடிந்தது.

2002 ஜூனில் அமெரிக்காவிலிருந்து ஆர்மிடேஜ் என்பவர் இஸ்லாமாபாத் வந்தார். ஊடுருவலை நிரந்தரமாக நிறுத்துகிறேன் என்று முஷாரஃப் சொன்னதாக டெல்லிக்கு வந்து சொன்னார். ஜூன் 10-ம் தேதி இந்தியா முதல் படி இறங்கியது. எவ்வளவு சின்னப் படி பாருங்கள்... பாகிஸ்தான் விமானம் நம் வானத்தில் பறக்கலாம். அவ்வளவுதான். சிப்பாய் ஒருத்தர்கூட அப்போது வீடு திரும்பவில்லை. அக்டோபரில்தான் படைகளைத் திருப்பிக்கொள்வதாக அறிவித்தார்கள்.

கிட்டத்தட்ட அதே ஆனி மாதத்தில்தான் அத்தை ஆரணிக்குக் கிளம்பினார். சித்தப்பாவின் அக்கா. நிச்சயதார்த்தத்தின்போது பலகாரம் போட்டுக் கொடுத்த பெண் வீட்டு எவர்சில்வர் தூக்கு ஒன்று, பெயர் வெட்டினது, எங்கள் வீட்டில் கிடந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா? அதில் மந்தாரை இலையில் வேகவைத்த நம்ம ஊர்க் கோயில் இட்லியைப் போட்டு எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். அங்கே போய்க் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலைப் பற்றியும் ஜரிகை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாராம். சம்பந்தி இட்லியை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, “மாப்ள லெட்டர் கிட்டர் போட்டாரா?” என்று கேட்டாராம்.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் போனுக்கு ஆரணியிலிருந்து கால் வந்தது. “நான் பண்ணலை, அவர்தான் பண்ணினார்” என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்வார். “அவர் அக்காவை அனுப்பிச்சார், அதனால பண்ணினேன்” என்று சம்பந்தி இருக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா அன்றைக்கு வேட்டியை எடுத்துவிட்டு முந்தி நெய்ய உட்கார்ந்தார். 2003 தையில் கல்யாணம்.

போர் நடக்கவில்லை என்றுதான் புத்தகத்தில் இருக்கும். ஆனால் அந்தப் பத்து மாதத்தில் கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டுமே எத்தனையோ பேர் போய்விட்டார்கள். தம்பி புதைக்கிற வேலையில் இருந்தான். அதைப் பற்றிப் பேச மாட்டான். ஊருக்கு வந்த புதிதில் வேகவதிக் கரைப் பக்கம் நடந்தால், புல் முளைத்த இடத்தில் காலை வைக்க மாட்டான். ஏற்கெனவே ஆள் நடந்து தேய்ந்த தடத்தில்தான் நடப்பான். 2025 மே மாதமும் அப்படித்தான். பஹல்காமில் செத்த இருபத்தாறு பேர் திரும்பி வரப்போவதில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் குண்டு விழுந்த வீடுகளில் போனவர்களும்தான்.

எப்போதும் சாக்கு கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2022 மார்ச் 9-ம் தேதி நம்முடைய பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊரில் போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை. யாரும் சாகவில்லை. அவர்கள் பதிலுக்கு எதையும் ஏவவில்லை. இரண்டு நாள் கழித்து நாம் வருத்தம் தெரிவித்தோம். மூன்று அதிகாரிகளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த ஏவுகணை பறந்ததெல்லாம் சில நிமிஷம். அதற்குள் எந்த அத்தை தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியும்?

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொன்ன கதை ஒன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். காஞ்சியை ஆண்ட தொண்டைமானுக்கும் தகடூர் அதியமானுக்கும் போர் மூளும் நிலை. அதியமான் தூது அனுப்பியது ஔவையை. தொண்டைமான் அவரைக் கூட்டிப் போய்த் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டினான். (ஜனவரி 26 அணிவகுப்பு எல்லாம் புதுசு இல்லை!) ஔவை பார்த்துவிட்டு, உன் ஆயுதமெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பத்திரமாகக் காவலில் இருக்கிறது, எங்கள் ஆளுடையதெல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றார். புறநானூற்றில் 95-வது பாட்டு. போர் நின்றதா என்று பாட்டில் இல்லை. நின்றது என்று அய்யா சொன்னார். கேட்கிறவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கௌரவமாகத் திரும்பிவிட வசதியான பேச்சு. இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அது குத்தல். அணுகுண்டு விஷயத்தில் மட்டும் எல்லா ராஜாக்களும் தொண்டைமானாகவே இருந்துவிடட்டும். நெய் பூசி, பீலி கட்டி, உள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.

இதை எழுதுவதற்கு முன்னால் அத்தையைப் போய்ப் பார்த்தேன். எண்பத்திரண்டு வயது. காது கொஞ்சம் மந்தம். “அத்தே, நீங்க அன்னைக்கு ஔவைப் பாட்டி மாதிரி ஆரணிக்குத் தூது போனீங்களே, அதைப் பத்திப் பத்திரிகைல எழுதறேன்” என்றேன் சத்தமாக.

“தூதாவது ஒண்ணாவது! அவங்க வூட்டுத் தூக்கு நம்ம வூட்ல எத்தினி நாளைக்குக் கெடக்கறது? அதைக் குடுக்கத்தான்டா போனேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். அதுலயும் பாரு, மூடியை இங்கயே மறந்து வெச்சிட்டுப் பூட்டேன். மறுவாரம் அதுக்காவ இன்னொரு தரம் போவ வேண்டியதாப் பூடுச்சு.”